சிங்கம் நிழலுக்கு ஒதுங்கிய காலை

மக்கா,

காய்ச்சல் உன்னை மறுபடியும் எட்டிப் பார்க்கவில்லை, இளைத்த உடம்பு தேறிவிட்டது, பழைய சட்டைகள் திரும்பவும் பிடிக்கத் தொடங்கிவிட்டன என்று நீ எழுதியது போன செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்தது. மொம்பாசாவில் கப்பல் ஏறிய நாளிலிருந்து அரைவயிற்றுக்குத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடிதம் வந்த அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று உன் அக்கா கேலி செய்கிறாள். கடிதத்தின் அடியில், ஏதோ காய்கறி விலை எழுதுவதுபோல, "பகவதிக்கு வண்டி ஓட்ட லைசென்ஸ் கிடைத்துவிட்டது, பரீட்சைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் உரக்க மூன்று தடவை வாசித்தேன். அக்கா, "நம்ம வீட்டு மருமகளா? வண்டியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளைக்குள் சாலைக் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதற்கு அடுத்த வரியை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. "அவள் உன்னையும் என்னையும் ஏமாற்றியதை நான் மன்னித்துவிட்டேன், அம்மா. நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று எழுதியிருக்கிறாய். நாலு நாளாக அந்த வரி என்னைப் போட்டுப் பிடுங்குகிறது. அடுப்படியில் நிற்கும்போதும் அது, ஆற்றில் குளிக்கப் போகும்போதும் அது. இன்றைக்கு மழை விட்டிருக்கிறது, அக்கா தன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வீட்டில் நான் மட்டும்தான். எழுதி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ அந்தக் காலையில் பாதி நேரம் உன் நினைவிலேயே இல்லை. ஆகவே உனக்குத் தெரிந்ததும் பாதிதான். முழுவதையும் நான் சொல்லுகிறேன்.

நான் ஊருக்குத் திரும்புவதற்குள் எனக்குச் சிங்கம் காட்டிவிட வேண்டும் என்று உனக்கு ஒரு பிடிவாதம். வேலிக்குள் கட்டிப்போட்ட சிங்கம் இல்லை அம்மா, அதுபாட்டுக்கு அலைகிற சிங்கம், நம்முடைய வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், இறங்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளே உனக்கு உடம்பு முறுக்கிக்கொண்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் நின்று காய்ச்சலுக்குப் போடுகிற கொயினா மாத்திரை இரண்டை விழுங்கினதை நானும் பார்த்தேன், பகவதியும் பார்த்தாள். "அடுத்த ஞாயிறு போவோமே, அத்தான்" என்றாள். "அடுத்த ஞாயிறு எனக்கு ஆபீஸ் உண்டு. பேசாம இட்லியைக் கட்டு" என்றாய். அவள் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டினாள். நான் இங்கிருந்து கொண்டுவந்த வறுத்த ஏத்தங்காய் உப்பேரியில் கடைசியாக மிஞ்சியிருந்ததை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன். கிழக்கு வெளுக்கும்போது நாம் மூன்று பேரும் அந்தக் காட்டின் வாசலைத் தாண்டிவிட்டோம்.

முதல் இரண்டு மணி நேரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நம் ஊர்க் காட்டை நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு அது காடாகவே தெரியவில்லை. மரமே இல்லாத மஞ்சள் புல், வானம் வரைக்கும். வரிக்குதிரைக் கூட்டத்தைப் பார்த்து, "கழுதைக்கு ஆருடே கோலம் போட்டுவிட்டா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. ஒட்டகச்சிவிங்கி ஒன்று வழியில் நின்றுகொண்டு, நாம் யார் வீட்டு ஆட்கள் என்று விசாரிப்பதுபோலக் குனிந்து பார்த்தது. நீ ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாய். உண்மையைச் சொன்னால் நான் மிருகங்களைப் பார்த்ததைவிடப் பின்சீட்டிலிருந்து உன் முகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். உன் அப்பா போன பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு காலைப்பொழுதைக் கழித்ததில்லை.

ஒரு மேட்டின் உச்சியில் சிங்கங்களைக் கண்டோம். மூன்று பெண் சிங்கங்கள், புல்லுக்குள் முதுகு மட்டும் தெரிய நடந்து வந்தன. சத்தம் கேட்டால் போய்விடும் என்று நீ இஞ்சினை நிறுத்தினாய். அவை போகவில்லை. நேரே நம்மிடம் வந்தன. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நிழல் என்று இருந்தது நம் வண்டியின் நிழல் ஒன்றுதான். உன் பக்கத்துக் கதவை ஒட்டி, வீட்டுப் பசு படுப்பதுபோல மூன்றும் படுத்துக்கொண்டன. கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சோம்பேறி மிருகம் அம்மை, நம்மளை ஒண்ணும் செய்யாது" என்று காதோடு சொன்னாய். சொல்லி முடிக்கும்போதே உன் பல் அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. குளிர் உன்னைத் தூக்கிப் போட்டது. பகவதி தன் முந்தானையை உன்மேல் சுற்றினாள், நான் என் கம்பளிச் சால்வையைக் கொடுத்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். நீ ஸ்டார்ட்டரை அழுத்தினாய், வண்டி ஒரு முக்கல் முக்கிவிட்டு அடங்கிப்போனது. அந்த வண்டிக்கு பேட்டரி போதாது, முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும் என்பது நம் மூன்று பேருக்கும் தெரியும். அப்போது உன் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. "இறங்கிக் கம்பியைச் சுத்துதேன்" என்று சொல்லிக்கொண்டே கதவின் பிடியில் கையை வைத்தாய். அந்தக் கதவுக்கு வெளியில்தான் சிங்கம் படுத்திருந்தது.

பகவதி உன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "கதவைத் தொறக்காண்டாம் அத்தான், கீழே கெடக்கு."

"கையை எடுட்டீ. ஒண்ணும் செய்யாது."

"நீங்க இந்தப் பக்கம் நகந்து வாருங்க. நான் ஓட்டுதேன்."

நீ அவளை அறியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். "நீயா? உனக்கு என்னத்தத் தெரியும்?"

"தெரியும்."

"ஆரு படிப்பிச்சா?"

"பெர்த்தா அக்கா."

அந்தக் காய்ச்சலிலும் உனக்கு முதலில் வந்தது கோபம். கழுத்தைத் திருப்பி என்னைக் கேட்டாய். "அம்மை, உனக்கு இது தெரியுமா?"

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். அதை வைத்துத்தானே இத்தனை நாள் அவளைக் குற்றவாளியாக்கினாய். "எனக்கு என்னடே தெரியும், மக்கா. நான் இப்பம்தான் கேக்கேன்" என்றேன்.

அது பொய்.

எனக்கு எல்லாம் தெரியும். பக்கத்து வீட்டுப் பெர்த்தா, அந்தக் கோவாக்கார நர்ஸ், தன் சின்ன வண்டியில் பகவதிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த நாலு மாதமும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். வாரத்தில் இரண்டு நாள், நீ ஆபீஸ் போனபிறகு. பகவதி முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். "அத்தான் என்ன சொல்லுவாவளோ" என்று தயங்கினாள். "ஏதாவது ஆத்திர அவசரம்னா ஆரைக் கூப்பிடுவே? இந்த ஊர்ல நமக்கு ஆரு இருக்கா? படிச்சு வை, நான் அவன்கிட்ட சொல்லிக்கிடுதேன்" என்று அவளைத் தள்ளிவிட்டதே நான். மாதா கோவில் சரிவில் அவளுக்கு வண்டி நின்று நின்று போகும், நான் பின்னால் இருந்து சிரிப்பேன். ஒரு நாள் பெர்த்தா என்னையும் விடாமல் முன்சீட்டில் உட்காரவைத்தாள். மைதானத்தில் இருபது முப்பது அடி தூரம் நானும் ஓட்டினேன், மக்கா. ஒரு கோழி செத்துப் பிழைத்தது. சொல்லிக்கிடுதேன் என்று சொன்னேனே தவிர, உன்னிடம் சொல்ல ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காருக்குள் நான் அந்தப் பொய்யைச் சொன்னபோது முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் பகவதியின் கண் தெரிந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, இவள் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று ஒரு ஆச்சரியம். அவ்வளவுதான். பிறகு உன்னை இடுப்பில் கைகொடுத்து இழுத்து இந்தப் பக்கம் சாய்த்தாள், உன்மேல் ஏறித் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவளுடைய வளையல் கதவில் இடித்த சத்தத்துக்கு ஒரு சிங்கம் தலையைத் தூக்கி ஜன்னல் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்திருக்கும். நான் பத்மநாபா பத்மநாபா என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அது எனக்கே கேட்கவில்லை.

அவள் ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை. நாம் நின்றது மேட்டின் உச்சி, முன்னால் சரிவு. கைப்பிரேக்கை மெல்ல விட்டாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. தங்கள் நிழல் நழுவிப் போவதைக் கண்டு சிங்கங்கள் எழுந்து நின்றன. ஒன்று வண்டியோடு கூடவே பத்தடி நடந்தது. வேகம் பிடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். என்ன பொறுமை! பெர்த்தா மாதா கோவில் சரிவில் படித்துப் படித்துச் சொன்னது அதுதான்: அவசரப்படாதே, உருளட்டும், அப்புறம் கிளட்சிலிருந்து காலை எடு. அவள் காலை எடுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, இருமியது, இஞ்சின் பிடித்துக்கொண்டது. என் ஆயுசில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அங்கிருந்து வாசலுக்கு ஒரு மணி நேரம். நீ முனகிக்கொண்டும், நடுவில் வாந்தி எடுத்துக்கொண்டும் வந்தாய். ஒரு காய்ந்த ஓடையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது, ஏறும்போது வண்டி திணறியது, நின்றுவிடும் என்று நினைத்தேன், அவள் நிற்கவிடவில்லை. அவள் வாயைத் திறந்து பேசியது ஒரே ஒரு தடவை. "அத்தை, அவுஹ தலையைப் பிடிச்சுக்கிடுங்க, அடிபட்டுரப் பிடாது" என்றாள். என்னிடம், சற்று முன்னால் அவளைத் தனியாக விட்ட என்னிடம், ஒன்றுமே நடக்காததுபோல. நேரே பெர்த்தா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். மலேரியா, கடுமையானது, இன்னும் தாமதித்திருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் நீ கண் விழித்துக் கஞ்சி கேட்டாய்.

கஞ்சியைக் கொண்டுவந்தவளிடம் நீ பேசவில்லை. ஒன்பது நாள். "உன்னையும் சேத்துல்லா ஏமாத்தியிருக்கா, பாரு" என்று என்னிடம் சொன்னாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அதற்கு நான் உன் தொண்டைக்குழித் தழும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு நோய், ஆபரேஷன் செய்தார்கள் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு அப்போது நாலு வயது. அப்பா ஆபீஸ் வேலையாகக் கோட்டயம் போயிருந்தார். உனக்குத் தொண்டை அடைப்பான் வந்து மூச்சு சீட்டியடித்தது, உதடு நீலமாகிவிட்டது. நான் ஆம்பளைத் துணையில்லாமல் வாசல்படி இறங்காத காலம். என் மாமியார்தான், "உடனே எடுத்துக்கிட்டு ஓடு மக்களே, ஆருக்கும் காத்து நிக்காண்டாம்" என்றார்கள். குதிரைவண்டி பிடித்து, உன்னை மடியில் போட்டுக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். டாக்டரிடம் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் பேசினேன். கழுத்தைத் திறக்க வேண்டும், சம்மதமா என்று காகிதத்தை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். நீ பிழைத்தாய்.

நாலாம் நாள் அப்பா வந்தார். கட்டிலில் நீ உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தார், கழுத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்து, "ஆரைக் கேட்டுட்டுப் போனே? ஆரு கையெழுத்துப் போடச் சொன்னா?" என்று கேட்டார். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர்கள், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அவ எங்கிட்ட சொல்லாமத்தான் போனா" என்றார்கள். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். தான் இல்லாத நேரத்தில் பிள்ளை போயிருக்கும் என்ற பயத்தை வேறு எப்படி வெளியே காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவரிடம் வருத்தம் ஆறிவிட்டது. மாமியாரிடம் ஆறவே இல்லை. என் வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தால் நான் இப்படிச் செய்யமாட்டேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்து, நீ கழுத்தைத் திருப்பிக் கேட்டபோது உன் முகத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், என் வாயில் மாமியாரின் வார்த்தை வந்தது. அவர்கள் அன்றைக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. புரிந்ததால் அது சரியாகிவிடாது.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, ரயிலடியில் நீ பெட்டிகளை ஏற்றப் போயிருந்தபோது பகவதியும் நானும் மட்டும் நின்றோம். என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் மக்களே, நான்தான் படிக்கச் சொன்னேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று கேட்டேன்.

அவள் என் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "நீங்க இண்ணைக்குப் போயிருவிய, அத்தை. நான் இங்கதானே இருக்கப் போறேன். எங்கூட பேசல்லேண்ணா நாலு நாளைக்கப்புறம் பேசிருவாவ. உங்ககூட மொகம் கொடுக்காம அனுப்பிவிட்டா, நீங்க கப்பல்ல ஆருகிட்ட போய்ச் சொல்லுவிய?"

நான் அழுதது ஊருக்குப் போகும் துக்கத்தால் என்று நீ நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினாய்.

இப்போது சொல்லிவிட்டேன். கை வலிக்கிறது, ஆனால் மனது எவ்வளவோ லேசாக இருக்கிறது. நீ மன்னிக்க வேண்டியது அவளை இல்லை. என்னை மன்னிக்கலாம், அல்லது கொஞ்ச நாள் கோபமாக இருக்கலாம், அது உன் இஷ்டம். கோபம் வந்தால் வந்த அன்றைக்கே சத்தம்போட்டுத் தீர்த்துவிடு. பேசாமல் இருப்பதை மட்டும் இந்தக் குடும்பத்தில் இனி யாரும் செய்யவேண்டாம். அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கே திருப்பு, அங்கே நிறுத்து என்று சொல்லிக்கொண்டே வருவாய், எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு வெளியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வா. உன் உயிரை ஒரு தடவை கொண்டுவந்து சேர்த்த கை அது.

இன்னும் ஒன்று. அந்த ஊரில் வீட்டுக்குத் தபால்காரன் வருவதில்லை, கடிதமெல்லாம் உன் ஆபீஸ் பெட்டிக்குத்தான் வரும், நீதான் முதலில் பிரிப்பாய். அதனால் இதை அந்த முகவரிக்கு அனுப்பவில்லை. உறையின்மேல் பகவதியின் பெயரை எழுதி, பெர்த்தாவின் பெட்டிக்குப் போடப் போகிறேன். பெர்த்தா அவள் கையில் கொடுப்பாள். அவள் முழுவதும் படிப்பாள். படித்துவிட்டு, உன்னிடம் காட்டலாம், அடுப்பில் போட்டுவிடவும் செய்யலாம். என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று அவளுக்குத் தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

நீ இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அவள் கொடுத்திருக்கிறாள். தலையை நிமிர்த்திப் பார், மக்கா. அவள் பக்கத்தில்தான் எங்காவது நின்றுகொண்டிருப்பாள்.

உன் அம்மா